பாண்டு எடுத்தவரும் பணம் கேட்பவரும்: அல்லிநகரத்தை முன்வைத்துக் காப்பீட்டு அறிவு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

காப்பீட்டு விழிப்புணர்வு என்ற பெயரில் நடக்கும் முகாம்களும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: பாலிசி எடுங்கள், குடும்பத்தைக் காப்பாற்றுங்கள். எடுத்தபின் என்ன என்பது அவற்றில் இருப்பதில்லை. தேனி-அல்லிநகரம் நகராட்சியிலும், அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என நீளும் பள்ளத்தாக்கிலும் காப்பீடு இன்று புதிய பொருள் அல்ல. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, பிரதமரின் இரு காப்பீட்டுத் திட்டங்களுக்காக வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் பிடிக்கப்படும் 436 ரூபாயும் 20 ரூபாயும், மகளிர் குழுக் கடனோடு ஒட்டி வரும் கடன் காப்பீடு, பீரோவில் ஓர் எல்.ஐ.சி. பாண்டு. இவற்றில் ஒன்றாவது பல வீடுகளில் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு குடும்பங்களில் யாரேனும் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மருத்துவக் காப்பீடு இருந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. காப்பீடு குறித்து யாருடைய அறிவை வளர்க்க வேண்டும்? எந்த நேரத்தில்? ஆயுள் காப்பீட்டின் இறப்புத் தொகையைப் பாலிசி எடுத்தவர் ஒருபோதும் வாங்குவதில்லை. மருத்துவமனையிலும் இன்சூரன்ஸ் மேசை முன்னால் நிற்பவர் நோயாளி அல்லர். மகனோ, மனைவியோ, மைத்துனரோதான். நம்முடைய நிதிக் கல்வி முழுவதும் வாங்குபவரை நோக்கிப் பேசுகிறது. பணம் கேட்டு நிற்கப்போகிறவரை அது கண்டுகொள்வதே இல்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

2. ஆய்வாளர்கள் சொல்லியிருப்பவை

நிதி அறிவை அளக்க உலகெங்கும் பயன்படுபவை அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செல்லும் வகுத்த மூன்று கேள்விகள். வட்டிக் கணக்கு, பணவீக்கம், முதலீட்டைப் பிரித்துப் போடுவது ஆகியவை பற்றியவை அவை. ஒரு காப்பீட்டு ஒப்பந்தத்தில் எது உண்டு, எது இல்லை என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்பது அந்த மூன்றில் இல்லை. நிதிக் கல்விக்கான தேசிய மையம் 2019-இல் நடத்திய ஆய்வு, இந்தியரில் 27 சதவீதத்தினரே நிதி எழுத்தறிவு பெற்றவர்கள் என்றது.

கற்பித்தால் நடத்தை மாறுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2014-இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமையர் மூவரும் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வி விளக்குகிறது என்றும், கற்றது காலப்போக்கில் தேய்ந்துவிடுவதால் தேவைப்படும் நேரத்தை ஒட்டிக் கற்பிப்பதே மேல் என்றும் முடிவுக்கு வந்தார்கள். 2022-இல் கைசர், லுசார்டி முதலிய நால்வர் 76 சோதனை முறை ஆய்வுகளைக் கொண்டு, பலன் அவ்வளவு அற்பமானதன்று என மறுத்தார்கள். இரு தரப்பையும் படித்துப் பார்க்கையில், நேரம் பற்றிய முதல் தரப்பின் கருத்து காப்பீட்டுக்கு மிகவும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. வங்கி வட்டியை ஒருவர் மாதந்தோறும் பார்க்கிறார். காப்பீட்டின் இறப்புக் கோரிக்கையையோ ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை, இருமுறைதான் சந்திக்கிறது.

இந்தியாவிலிருந்து மூன்று ஆய்வுகளைக் குறிப்பிட வேண்டும். ஷான் கோலும் உடன் ஆய்வாளர்களும் ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீட்டை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, விலைக்கு அப்பால் மக்களைத் தடுப்பவை நம்பிக்கையின்மையும் கையில் காசில்லாமையும் என்று காட்டியது. ஊருக்கு அறிமுகமான ஒருவர் உடன் வந்து சொன்னபோது வாங்குவோர் கூடினார்கள். ஆனகோல், கோல், சர்க்கார் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. வாடிக்கையாளர்போல் ஆட்களை ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலான முகவர்கள், வந்தவருக்குப் பொருந்தாத, ஆனால் கமிஷன் அதிகமுள்ள திட்டத்தையே பரிந்துரைத்தார்கள். மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும், 2004-05 முதல் 2011-12 வரை பங்குச்சந்தை சார்ந்த காப்பீட்டுத் திட்டங்கள் தவறாக விற்கப்பட்டதால் மக்கள் இழந்தது சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிட்டார்கள். அறியாமைதான் சிக்கல் என்று வாடிக்கையாளர் மீதே பழியைப் போடுவோர் இந்த மூன்றையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

3. ஏஜென்ட் கணக்கும் வீட்டுக் கணக்கும்

பள்ளத்தாக்கின் வருமானம் மாதச் சம்பளம் அல்ல. திராட்சை, வாழை, தென்னை, நெல் என அறுவடைக்கு அறுவடை வருவது ஒரு வகை. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும் கூலி இன்னொரு வகை. கையில் நிற்கும் காசு கைமாற்றாகவோ சீட்டாகவோ மொய்யாகவோ போய்விடும். 'டியூ கட்டினால்தான் காசு நிக்கும்' என்று சொல்லிச் சேமிப்புப் பாலிசி எடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்டாயச் சேமிப்புக்கு அவர்கள் தரும் மதிப்பு உண்மையானது. ஆனால் அதன் விலை என்ன என்பதை யாரும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

ஒரு கணக்கு. ஆண்டுக்கு 24,000 ரூபாய், 20 ஆண்டு. கட்டியது 4,80,000. முதிர்வில் 8,33,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்குப் பெரிய தொகையாகத் தெரியும். ஆண்டு வருவாய் 5 சதவீதம்தான். அதே பணம் 7 சதவீதத்தில் வளர்ந்திருந்தால் 10,52,000-ஐத் தாண்டியிருக்கும். '15 வருஷத்தில் இரட்டிப்பு' என்ற வாக்கைக் கூட்டு வட்டியாக மாற்றினால் 4.7 சதவீதம் சொச்சம். இத்தகைய பாலிசியின் காப்புத் தொகை ஏறத்தாழ 5 லட்சமாக இருக்கும். மாதம் 15,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு அது 33 மாதச் செலவு. குழந்தை ஆறாம் வகுப்பில் இருக்கும்போது தகப்பன் போனால், ஒன்பதாம் வகுப்பு முடியும் முன்பே தொகை தீர்ந்துவிடும். சேமிப்புக் கலப்பில்லாத டேர்ம் பாலிசியில், 30 வயதுக்காரர் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் 25 லட்சத்துக்குக் காப்பு பெறலாம். 2021 ஜனவரி முதல் எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே விதிகளோடு தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 'சரல் ஜீவன் பீமா' இந்த வகைதான். அதை வீடு தேடி வந்து விளக்கும் முகவர் அரிது. காரணமும் மறைவானதல்ல: பிரிமியம் சிறியது, ஆகவே கமிஷனும் சிறியது. பழைய சட்டமோ முதலாண்டுப் பிரிமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷனுக்கு இடம் தந்திருந்தது.

சேமிப்போடு சேர்ந்த பாலிசியே வேண்டும் என்போருக்கும், 1995-இல் தொடங்கிய கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு பக்கத்து அஞ்சலகத்திலேயே கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

4. எழுதாமல் விட்ட வரி

கோரிக்கை மறுக்கப்படும் வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது, முன்பே இருந்த நோயை மறைத்தார் என்ற காரணம். இதன் விதை விண்ணப்பப் படிவம் நிரப்பும் அந்தப் பத்து நிமிடத்தில் விழுகிறது. அந்தப் பேச்சை இந்தப் பகுதியில் பலரும் கேட்டிருப்பார்கள்: "சுகர் இருக்குன்னு எழுதுனா மெடிக்கல் எடுக்கச் சொல்லுவாங்கண்ணே, பிரிமியம் ஏத்துவாங்க. லேசாத்தான இருக்கு, விட்ருவோம்." "நீ சொன்னாச் சரிதாம்ப்பா." கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. ஆங்கிலப் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டது யார் என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

சட்டம் இதில் இரு பக்கமும் பேசுகிறது. காப்பீடு முழு நல்லெண்ண ஒப்பந்தம், தெரிந்ததைச் சொல்வது விண்ணப்பதாரரின் கடமை என்று சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதியாகச் சொன்னது. சொன்ன நோயைத் தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டுப் பிறகு அதையே காட்டி மறுக்க முடியாது என்று மன்மோகன் நந்தா வழக்கில் 2021-இல் சொன்னது. ஆக, எழுதிக் கொடுத்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. எழுதாமல் விட்டவருக்குக் கொஞ்சமே நிற்கிறது.

அந்தக் கொஞ்சம் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. 2015 திருத்தத்திற்குப்பின், மூன்று ஆண்டு கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குட்படுத்த முடியாது. மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இணையான காலம் 2024-இல் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அங்கே நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்கு. ஆனால் மூன்றாண்டுக் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்து மூன்றாண்டு மறுபடி தொடங்கும். அறுவடைக்கு அறுவடை டியூ கட்டும் பகுதியில், விலை விழுந்த ஆண்டில் பாலிசி லேப்ஸ் ஆவதும் அடுத்த ஆண்டு 'ரினீவல்' செய்வதும் வழக்கம். பத்து ஆண்டுப் பழைய பாலிசி என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். சட்டத்தின் கண்ணில் அது எட்டு மாதப் பாலிசியாக இருக்கக்கூடும். புதுப்பிக்கும்போது கேட்கப்படும் உடல்நல உறுதிமொழியையும் முதல் படிவம்போலவே கவனமாக நிரப்ப வேண்டும் என்று எந்த விழிப்புணர்வுத் துண்டறிக்கையாவது சொல்லுமானால், அதுவே பெரிய உதவி.

5. அட்டையும் அறை வாடகையும்

அரசு மருத்துவக் காப்பீட்டின் வரலாறு இங்கு நன்றாகவே தெரிந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம்; 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்; 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைப்பு; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு 72,000-லிருந்து 2022-இல் 1,20,000 ஆனது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிந்தால் போதும். ஏழைக் குடும்பங்களை அறுவைச் சிகிச்சைக் கடனிலிருந்து காத்ததில் இத்திட்டத்துக்கு இணையாகத் தமிழ்நாட்டில் வேறொன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் 'அட்டை இருக்கு' என்ற நிம்மதி சில இடங்களில் ஏமாற்றமாக முடிகிறது. அட்டை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கே செல்லும். பட்டியலில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். வெளிநோயாளிச் செலவுக்குச் செல்லாது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை விட்டு, ஆம்புலன்சில் மதுரைக்குப் போகும் வழியில் எடுக்கும் முடிவில்தான் இந்த அறிவு தேவை. அங்கே போனபின் தெரிந்து பயனில்லை.

தனியார் பாலிசிகளில் ஆளைக் கவிழ்ப்பது அறை வாடகை. 3 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. உறவினர்கள் 5,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் சேர்த்துவிடுகிறார்கள். வாடகையில் 10,000 மட்டும் கையிலிருந்து போகும் என்று நினைப்பார்கள். அப்படியல்ல. தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். 75,000 ரூபாய் கட்டணத்தில் 45,000 மட்டுமே வரும். 2020 முதல் மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றை இப்படி வெட்டக்கூடாது என்று ஆணையம் விலக்கியிருப்பதால், அந்த வகையில் உள்ள 50,000 முழுதாக வரும். ஆக, அறை வாடகையையும் சேர்த்து 1,50,000 பில்லுக்குக் கிடைப்பது 1,10,000. இடைவெளி 40,000. ஐந்து நாள் வசதியான அறைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த உண்மையான விலை அது. அறையைத் தேர்ந்தெடுத்தவர் பாலிசிதாரர் அல்லர். அவர் அப்போது அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம், கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரமும் வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரமும் கெடு விதித்தது. 'அப்ரூவல் இன்னும் வரலை' என்று மாலை வரை உட்கார வைக்கப்படும் குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கெடு தெரிந்தால், கேட்கும் குரலே மாறும். பாலிசியோடு தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்டுப் பெறலாம் என்பதும், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் விதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசீதில் அந்த வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

6. பணம் கேட்பவர்

இனி மையப் பிரச்சினை. 2015 மே மாதம் தொடங்கிய பிரதமரின் இரு திட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஜீவன் ஜோதி: ஆண்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுவரை சேரலாம், எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து மரணம் மட்டும். சுரக்ஷா: ஆண்டுக்கு 20 ரூபாய், 70 வயதுவரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. பல வங்கிகளில் பணம் பிடித்தாலும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு காப்புதான்.

கணவன் ஒருமுறை வங்கியில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதன்பின் பணம் தானாகப் பிடிக்கப்படும், பாண்டு கிடையாது. பாஸ்புத்தகத்தில் ஒரு வரி அச்சாவது தவிர வீட்டில் அடையாளம் எதுவும் இல்லை. பாஸ்புத்தகமும் பல மாதமாகப் பதிவு போடாமல் இருக்கும். அவர் இறந்துபோனால், அந்த 2 லட்சம் இருப்பதே மனைவிக்குத் தெரிய வழியில்லை. இறந்தவரின் கணக்கை முடிக்கப் போகும்போது வங்கி ஊழியர் கவனித்துச் சொன்னால் உண்டு.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கதை இன்னும் சிக்கலானது. தோட்டத்துக்குப் போகும் ஜீப் இடுக்கி மாவட்டத்தில் கவிழ்ந்தால், முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனையும் இறப்புப் பதிவும் கேரளத்தில். வங்கிக் கணக்கோ தேனியில். விபத்துக் காப்பீட்டுக்கு இந்தத் தாள்கள் இல்லாமல் நகராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் எல்லை தாண்டிப் போய்க் கேட்பதைவிட, உடலை வாங்கும்போதே நகல் கேட்பது எளிது. ஏலக்காட்டில் பாம்பு கடித்தாலோ தென்னையிலிருந்து விழுந்தாலோ அதுவும் சுரக்ஷா திட்டத்தில் விபத்துதான். அங்கே காவல் நிலையத் தாள் இல்லாவிட்டாலும், உடனடியாக எடுத்த மருத்துவமனைப் பதிவு சான்றாகும். நாட்டு வைத்தியரிடம் போய், பின் வீட்டிலேயே உயிர் பிரிந்தால் அந்தச் சான்று இல்லாமல் போகும். துயரத்தின் முதல் ஆறு மணி நேரத்தில் எடுக்கப்படும் முடிவுகள் 2 லட்சத்தைத் தீர்மானிக்கின்றன.

நாமினி பெயர் இன்னொன்று. இருபத்திரண்டு வயதில் பாலிசி எடுத்தவர் தாய் பெயரை எழுதியிருப்பார். கல்யாணமாகி, பிள்ளைகளும் ஆனபின் மாற்றியிருக்கமாட்டார். அவர் இறந்தபின் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே அந்த ஒரு வரி எத்தனை வீடுகளைப் பிரித்திருக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படி யாரும் கேட்காமல் நிற்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. 2024 மார்ச் இறுதியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களிடம் உரிமை கோரப்படாமல் இருந்தது ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். பத்து ஆண்டுக்கு மேல் கிடப்பது மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. இதில் முதிர்வுத் தொகையும் சேரும் என்றாலும், உரியவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பதே அடிப்படை.

7. எங்கே சொல்வது

எதிர்வாதம் ஒன்றுண்டு: விற்பனையை ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால், சாதாரண மக்களுக்கு இத்தனை விவரம் தெரிய வேண்டிய தேவையே இராது. இதை நான் பெருமளவு ஏற்கிறேன். கமிஷன் அமைப்பு மாறாதவரை, முகவரை எதிர்த்து நிற்கும் அளவுக்கு ஒவ்வொரு விவசாயியையும் கற்பிக்க முடியாது. அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆயினும் கோரிக்கைக் கட்டத்தில் எந்த ஒழுங்குமுறையும் பணம் கேட்பவரின் இடத்தில் நிற்காது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே கற்பிக்கும் இடம் மாற வேண்டும். இறப்பைப் பதிவு செய்யாமல் எந்தக் குடும்பமும் இருக்க முடியாது. தேனி-அல்லிநகரம் நகராட்சியில் இறப்புச் சான்றிதழ் தரும் மேசையில் ஒரு பக்கத் தமிழ்த் தாள் சேர்த்துக் கொடுக்கலாம்: பாஸ்புத்தகத்தில் மே, ஜூன் மாதப் பதிவுகளில் 436-ஐயும் 20-ஐயும் தேடுங்கள், குழுக் கடன் இருந்தால் கடன் காப்பீடு உண்டா எனக் கேளுங்கள், நிறுவனம் மறுத்தாலோ 30 நாள் பதில் இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடுங்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், காப்பீட்டு ஆணையத்தின் இலவச எண் 155255, தேனியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கேரளத்திலோ க.விலக்கிலோ நேர்ந்த இறப்பு நகராட்சிப் பதிவில் வராது என்பது உண்மை. அந்தக் குடும்பங்களும் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு வந்தாக வேண்டும். அங்கும் இதே தாளை வைக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் காப்பீட்டுக் கோரிக்கைக்கென ஒரு மேசை போட்டால், அதற்கு வரும் மனுக்களே எந்த நிறுவனம் எங்கே இழுத்தடிக்கிறது என்பதை நிர்வாகத்துக்குக் காட்டிவிடும்.

மகளிர் குழுக்களின் மாதக் கூட்டம் அடுத்த இடம். கோலின் ஆய்வு காட்டிய நம்பிக்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பாலிசியை விற்க அந்தக் கூட்டத்தைப் பயன்படுத்துவதை விட்டு, குடும்பத்தில் யார் பெயரில் என்ன இருக்கிறது, நாமினி யார், டியூ தேதி எது என்று ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுதிவர ஒரு கூட்டத்தை ஒதுக்கலாம்.

இதைப் படிக்கும் நீங்கள் பாலிசி எடுத்தவராக இருந்தால், நகராட்சியின் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலுள்ள பாலிசிகளின் எண், வங்கிக் கிளை, நாமினி பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உங்களுக்குப் பின் அதைக் கேட்கப்போகிறவர் கையில் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.